கல் ஊன்றாத பட்டா

தாமிரபரணிப் பாசன ஊர்களில் வயல் வேலை பார்த்தவர்களின் குடிசை நெடுங்காலம் பண்ணை நிலத்தில்தான் இருந்தது. கூலி கூடக் கேட்டால் அடுப்பையும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். குடியிருந்த மனையை விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்க 1971-ல் சட்டம் வந்தது. ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978-ல் தனிச் சட்டம். அதற்குப் பிறகும் தகராறு தீராததற்குப் பாதிக் காரணம் சர்வேயில் கிடக்கிறது. மனைப் பட்டா வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

அப்படி எடுத்த நிலத்தில் கொடுக்கும் பட்டாவில் 3 சென்ட் என்றிருக்கும். சுமார் 1,307 சதுர அடி. அது எந்த மூலையில் என்று காட்ட ஆள் வராது. தாலுகா கணக்கில் உட்பிரிவு, அதாவது பிரித்த துண்டுக்கான தனி எண், ஏறாமல், நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா பழைய உடைமைக்காரர் பேரிலேயே ஓடும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கான 3.5 லட்ச ரூபாய்க்கு மனுப் போடும்போதுதான் குட்டு வெளிப்படும். கெடுவுக்குள் வீடு கட்டவில்லையென்று பட்டாவை ரத்து செய்வதும் உண்டு. இடத்தையே காட்டாமல் கட்டவில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே பட்டா வாங்கிய வாரமே புல எண், உட்பிரிவு, பேர் மூன்றையும் சிட்டாவோடு ஒத்துப்பார்க்க வேண்டும். மனை நஞ்சை நடுவே என்றால், பிசான நெல் அறுத்து, அடுத்த போகமான கார் நெல் நடுவதற்குள் அளக்கச் சொல்ல வேண்டும். பயிர் நிற்கும்போது சங்கிலி பிடிக்கப் பக்கத்து வயல்காரர் விடமாட்டார். அவருக்கு நோட்டீஸ் போகாமல் அளந்தாலோ, அதையே சொல்லி அளவை செல்லாது என்பார். நாலு மூலையிலும் கல் ஊன்றிய அன்றே படம் எடுத்துவிடுவது நல்லது. கல்லுக்கு ராத்திரியில் கால் முளைக்கும்.

பலரும் கோட்டைவிடுவது பாதையில். ரோட்டிலிருந்து உள்ளே வரும் வழி தனியார் பட்டாவில் இருந்தால் ஒரு முள்வேலி போதும், ஆம்புலன்ஸும் நிற்கும், பாடையும் நிற்கும். வரைபடத்தில் பாதை தனி உட்பிரிவாக, அரசு பேரில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். பள்ளத்து மனையென்றால் 2023 டிசம்பர் வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேல்தான் தரை. மண் நிரப்பவே காசு கரையும். மேட்டு நிலத்தை எடுத்திருந்தால் இந்தச் செலவே கிடையாது.

டவுனில் வாடகை வீட்டுக்குக் காகிதமே கிடையாது. வளவு (ஒரே வாசலுக்குள் வரிசையாக இருக்கும் வீடுகள்) வாசலில் "எந்த ஊரு?" என்பார்கள், அடுத்து "எந்தத் தெரு?" தெருப் பேரைச் சொன்னதும், "நேத்தே ஒருத்தருக்குப் பேசிட்டோமே." 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்த்து, அதற்கான மனுவை வாடகை அதிகாரியே வாங்கி விசாரிக்க வழி செய்ய வேண்டும்.