மாற்றுத் தடம் என்றால் 2020-ஐப் பாருங்கள்

பந்தயங்கள் ரத்தானால் உடனே "எந்த டிராக் காலியாக இருக்கிறது?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அது மட்டும் போதாது என்று எனக்குக் காட்டியது 2020 ஃபார்முலா 1 சீசன்.

கொரோனாவால் மார்ச்சில் மெல்போர்ன் பந்தயம் ரத்து. ஜூலை 5-ல் ஆஸ்திரியாவில் ஆரம்பித்து, டிசம்பருக்குள் 17 பந்தயங்களை முடித்தார்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் மிக உயர்ந்த தர உரிமமான கிரேடு 1 உள்ள தடங்களில்தான் ஃபார்முலா 1 ஓட முடியும் என்பதால் தேர்வுக்கு இடம் குறைவு. அப்படியும் இத்தாலியின் முஜெல்லோவும் போர்ச்சுகலின் போர்டிமாவும் முதல்முறையாக உள்ளே வந்தன. 2006-க்குப் பிறகு இத்தாலியின் இமோலா தடம் திரும்பியது.

ஆனால் அக்டோபரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்? வெள்ளிக்கிழமைப் பயிற்சி முழுவதும் போச்சு. மூடுபனியில் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை, அது பறக்க முடியாத நிலையில் காரை வெளியே விட மாட்டார்கள். சரியான முடிவுதான். இஸ்தான்புல்லில் புதிதாகப் போட்ட தார், மேலே மழை. கார்கள் வழுக்கிக்கொண்டே போயின. இடம் கிடைப்பதோடு மாதமும் தரையும் பொருந்த வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை பஹ்ரைன். ஒரே இடத்தில் இரண்டு பந்தயம், இரண்டாவதற்கு அதே தடத்தின் 3.543 கிலோமீட்டர் வெளிவட்டம். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை! முதல் சுற்றிலேயே கடைசி இடத்துக்குப் போன ஓட்டுநர் செர்ஜியோ பெரஸ் அங்கேதான் தன் முதல் வெற்றியைப் பெற்றார். மூட்டை முடிச்சைக் கட்டாமலே புதுப் பந்தயம்.

இன்னொரு சீசன் தடைபட்டால், முதலில் முஜெல்லோவைக் கேளுங்கள். அங்குள்ள அராபியாட்டா என்ற வேக வளைவுகளில் இந்தக் கார்கள் பாய்வதை மறுபடி பார்க்க வேண்டும்.