லிஃப்டில் உடைந்த புளிக்காய்ச்சல்

மூன்று விமானம் மாறி, நாலு பாலித்தீன் கவர், அதன்மேல் ஒரு துண்டு, அதற்கும் மேல் கணவரின் ஸ்வெட்டர் என்று சுற்றிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் மன்னார்குடியிலிருந்து அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் வரை வந்து சேர்ந்த அம்மாவின் புளிக்காய்ச்சல் பாட்டில் எங்கள் வீட்டு லிஃப்டில் உடைந்தது.

டாக்ஸியிலிருந்து இறங்கியதும் கசிந்திருக்குமோ என்று பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே கையில் வைத்துக்கொண்டது என் தப்பு. இங்கே பழைய கட்டடங்களில் லிஃப்டுக்கு இரண்டு இரும்புக் கதவு, நம்மூர்க் கடை கேட் மாதிரி மடங்கி விரியும், இரண்டையும் கையால் இழுத்துச் சாத்தினால்தான் அது நகரும். உள்கதவு முழங்கையில் இடித்தது. அவ்வளவுதான். நல்லெண்ணெயும் பெருங்காயமும் வறுத்த வெந்தயமுமாக ஒரு நிமிஷம் அந்த நாலடிக் கூண்டுக்குள் எங்கள் வீட்டு அடுக்களையே இருந்தது.

அழுவதா கத்துவதா என்று நான் நிற்கிறேன். கூட ஏறிய மூன்றாம் மாடிப் பாட்டி தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக, ரொம்ப அழுத்தமாக, “புளியேசே, புளியேசே, புளியேசே” என்றார்.

புளிதான் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது நான் இங்கே வந்து பதினோரு மாதம். இடையில் ஊருக்குப் போய்த் திரும்பிய நாள் அது. என் ஸ்பானிஷ் காய்கறிக்கடை அளவுதான். அதனால் நானும் பரிதாபமாகத் தலையாட்டி “ஆமாம், புளி, புளி” என்று தமிழிலேயே சொன்னேன். அவரும் திருப்தியாகத் தலையாட்டினார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோம் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டு மூன்று மாடி ஏறினோம்.

தரை துடைக்கத் துணி எடுக்க அவர் வீட்டுக்குள் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பர்ஸிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினார். நாம் பர்ஸுக்குள் வைத்துக்கொள்ளும் முருகன் படம் இருக்கிறதே, அதே அளவு. படத்தில் கருப்பு ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒரு வயதானவர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாதிரி இருந்தார். பின்பக்கம் பிரார்த்தனை. பெயர் ஒஸ்வால்டோ புளியேசே. புனிதர் இல்லை, டேங்கோ (ஜோடியாக ஆடும் இந்த ஊர் நடனம்) இசைக்குழு நடத்தியவர், பியானோ வாசித்தவர், பாட்டு அமைத்தவர், 1995-இல் தன் 89-ஆவது வயதில் இறந்துபோனவர். இங்கே துரதிர்ஷ்டத்துக்கு ‘முஃபா’ என்று பெயர். முஃபா அண்டாமல் இருக்க அவர் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டுமாம். ஒரு கச்சேரியில் மைக் செட் என்ன செய்தும் வேலை செய்யவில்லையாம், யாரோ இவர் ரெக்கார்டைப் போட்டதும் சரியாகிவிட்டதாம், அதிலிருந்து பாட்டுக்காரர்கள் மேடை ஏறும் முன்னால் இவர் படத்தைத் தொட்டுக்கொள்கிறார்களாம்.

எனக்கு உடனே இடி ஞாபகம்தான் வந்தது. இடி இடித்தால் அர்ஜுனா அர்ஜுனா என்போமே, அர்ஜுனன் வந்தா இடியைப் பிடிக்கப்போகிறான்?

பாட்டி என்று எழுதுகிறேனே தவிர, நேரில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது அவருடைய உத்தரவு. ‘சென்யோரா’ என்று ஒருமுறை மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவ்வளவு கிழவியா நான் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த ஊரில் கிட்டத்தட்ட எல்லாருமே எல்லாருக்கும் ‘வோஸ்’, அதாவது நீ. எண்பது வயசுக்காரரை நீ, வா, போ என்று சொல்லும்போது இன்னமும் பின்னால் நின்று அம்மா தலையில் குட்டுவது போலவே இருக்கிறது. அப்புறம் அந்த மாத்தே, இவர்களுடைய மூலிகை டீ. ஒரே குடுவை, ஒரே உலோகக் குழல், ஐந்து பேர் மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். தூக்கிக் குடித்தே வளர்ந்தவள் நான். சரி, அதைத் தனியாகப் புலம்புகிறேன்.

புளியேசேக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த வாரம் முழுக்க நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அன்று பாட்டியிடம் கேட்ட முதல் கேள்வி, இவர் ரொம்ப பக்திமானா என்பதுதான். அவர் சிரித்த சிரிப்பில் அவருடைய பூனை எழுந்து போய்விட்டது. பக்தியா! 1936-இலேயே கம்யூனிஸ்ட் கட்சி அட்டை வாங்கியவர், அதற்காகவே அதிபர் பெரோன் ஆட்சியிலும் அதற்குப் பின் வந்தவர்கள் ஆட்சியிலும் ஜெயிலுக்குப் போனவர், பாட்டை ரேடியோவில் போடாதே என்று தடை வாங்கியவர். அந்த ஆள் படத்துக்குப் பின்னால் பிரார்த்தனை! உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று கேட்டேன். சுத்தமாகக் கிடையாது, இது வெறும் பழக்கம் என்றார்.

இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். எங்கள் பெரியப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் கட்சிக்காரர், கோயில் வாசலை மிதிக்காதவர், பெரியம்மா நீட்டும் விபூதித் தட்டைப் பேப்பரால் தள்ளிவிடுகிறவர். ஒரு ஐப்பசி மழையில், திண்ணையில் நாங்கள் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேலேயே இடித்தது. முதல் ஆளாக “அர்ஜுனா!” என்றது பெரியப்பா. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு முகமே சிவந்துவிட்டது. “அது பழக்கம், பக்தி இல்ல” என்றார்.

எங்கள் பேட்டைக்குப் பெயர் வீஷா கிரெஸ்போ. தினமும் நான் இறங்கும் சப்வே ஸ்டேஷனின் முழுப்பெயரே ‘மலாபியா – ஒஸ்வால்டோ புளியேசே’தான். பதினோரு மாதம் அந்தப் பலகைக்குக் கீழே நின்று போனில் வாட்ஸ்ஆப் பார்த்திருக்கிறேன், பெயரின் பாதிக்கு மேல் படித்ததில்லை. அவர் 1905-இல் பிறந்தது இதே பேட்டை. அப்பா செருப்புத் தொழிலாளி, கையில் வேலை இல்லாத நேரம் புல்லாங்குழல். புளியேசே என்றால் இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் பூலியா பகுதிக்காரர் என்றுதான் அர்த்தம். திருவாவடுதுறை, காருகுறிச்சி என்று ஊர் பெயரையே ஆளுக்குப் பெயராக வைத்துக்கொள்ளும் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் தலைமுறையிலோ கப்பல் ஏறி வந்தவர்களுக்கு ஊர் கடைசியில் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அதை நினைத்து ஒரு நாள் இரண்டு ரயிலை விட்டுவிட்டேன்.

பதினைந்து வயதில் காஃபே ஒன்றில் பியானோ வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். இருபது வயதுக்குள்ளேயே ‘ரெகுவெர்தோ’ என்று ஒரு டேங்கோ அமைத்துவிட்டார். மைனர் என்பதால் அப்பா பெயரில் பதிந்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்த வார்த்தைக்கு ‘நினைவு’ என்று அர்த்தம், அந்த வயதில் அப்படி என்ன நினைவு இருந்திருக்குமோ. 1939 ஆகஸ்ட்டில் கோரியென்தெஸ் சாலை காஃபே ஒன்றில் சொந்தக் குழு தொடங்கினார், அதைக் கூட்டுறவுச் சங்கமாகவே நடத்தினார். வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, அவரவர் வேலைக்குப் பாயிண்ட், அதற்கேற்பப் பங்கு, தலைவருக்கும் அதே கணக்குதான். எங்கள் தெரு மேளக்காரர் வீட்டுத் திண்ணையில் கச்சேரிப் பணம் பிரிக்கும்போது நடந்த சண்டைகளைப் பார்த்தவள் என்பதால், இதைப் பல வருஷம் உடையாமல் நடத்தியதுதான் அவருடைய பெரிய சாதனை என்பேன். ஒருமுறை உடையத்தான் செய்தது. 1968-இல் குழுவின் முக்கியமான ஆறு பேர் பிரிந்துபோய்த் தனியாக ஒன்று தொடங்கினார்கள். அவர் இளம் பையன்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

அவர் ஜெயிலில் இருந்த நாட்களிலும் கச்சேரி நிற்கவில்லையாம். பியானோவுக்கு முன்னால் ஆள் இருக்காது, மேலே ஒரு சிவப்புக் கார்னேஷன் பூ மட்டும் இருக்கும். இதைச் சொல்லும்போது பாட்டி மேஜைமேல் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, அந்தக் காலி இடத்தில் விரலால் தட்டிக் காட்டினார்.

பிறகு ‘லா யும்பா’ போட்டார், 1946 ரெக்கார்ட். யும்பா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அர்த்தமெல்லாம் இல்லை, தவில் சொல் மாதிரி, வாத்தியம் போடும் சத்தம்தான் பெயர். ‘யும்’ என்று பந்தோனியோன்கள் (ஆர்மோனியம் மாதிரி, கையில் பிடித்து வாசிக்கும் துருத்திப் பெட்டிகள்) துருத்தியை அமுக்கி அடிக்கும், ‘பா’ என்று பியானோவின் அடி ஸ்வரம் தூரத்தில் எங்கோ கதவு சாத்துவது போல விழும். கனமான மூட்டையை இழுத்துக்கொண்டு ஒருவர் மாடி ஏறுவது மாதிரி இருக்கிறது. எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவைக்குக் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது.

அதோடு விட்டிருக்கலாம். பாட்டி எங்களை மிலோங்காவுக்குக் கூட்டிப்போனார், டேங்கோ ஆடும் கூடத்துக்கு அதுதான் பெயர். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் ஆளே வருகிறார்கள், அந்த நேரத்துக்கு மன்னார்குடியில் பால்காரர் வந்து போயிருப்பார் (நேர வித்தியாசம் எட்டரை மணி நேரம், எந்நேரமும் மனசுக்குள் கூட்டிக்கொண்டே இருப்பேன்). அங்கே யாரும் வாய்விட்டு ஆடக் கூப்பிட மாட்டார்கள். தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்துத் தலையை லேசாக அசைப்பார்கள், பதிலுக்கு நாம் தலையசைத்தால் சம்மதம். இதை எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா? நம் தலை சும்மா இருக்குமா? எதிர் மேஜைக்காரர் பார்த்தார், நல்லா இருக்கீங்களா என்கிற மாதிரி ஆட்டினேன். அடுத்தவர் பார்த்தார், பரவாயில்லை உட்காருங்க என்கிற மாதிரி ஆட்டினேன். ஒரே நேரத்தில் மூன்று பெரியவர்கள் கோட்டைச் சரிசெய்துகொண்டு கூடத்தைக் கடந்து என்னை நோக்கி வருகிறார்கள். கணவர் எம்பனாடாவை (நம்ம சோமாசி மாதிரி, உள்ளே கறி வைத்தது) வாயில் வைத்தபடி, உதவி செய்யாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடுநிசிக்கு மேல் புளியேசே போட்டார்கள். பேச்சு அடங்கியது. அந்த மூவரில் ஒருவர் அப்போது எழுபது வயது மனைவியுடன் ஆடிக்கொண்டிருந்தார். பாட்டு நடுவில் சட்டென்று நிற்கும் இடத்தில் இருவரும் கண்ணை மூடி அப்படியே நின்றார்கள், பிறகு அது எடுக்கும்போது எடுத்தார்கள். கல்யாண வீட்டில் கெட்டிமேளத்துக்கு முன்னால் ஒரு கணம் கூட்டம் மூச்சைப் பிடிக்குமே, அது.

பாட்டிக்குச் சொல்ல இன்னொரு கதை இருக்கிறது, அதை மாதம் ஒருமுறை சொல்வார். ரசிகர்கள் பல வருஷமாக இவர் கச்சேரியில் “கோலோனுக்கு!” என்று கத்துவார்களாம். தெயாத்ரோ கோலோன் இங்கே ஓபரா அரங்கம், பேட்டைக்காரப் பாட்டுக்கு அங்கே சுலபத்தில் இடம் கிடைக்காது. 1985 டிசம்பர் 26 அன்று, எண்பது வயதில், தன் குழுவோடு அந்த மேடையில் உட்கார்ந்தார். பாட்டி ‘பரைசோ’வில் நின்றாராம், சொர்க்கம் என்று அர்த்தம், கூரையை ஒட்டிய கடைசி மாடத்துக்கு அந்தப் பெயர். டிசம்பர் 26 என்றால் எனக்கு மார்கழி, சபா, கேன்டீன் காபி, கழுத்தில் மஃப்ளர். இவர்களுக்கு அது வேர்த்துக் கொட்டும் கோடை. நான் இங்கே பழகிவிட்டேன், நிஜமாகவே, சப்வேயில் கார்டு தட்டுவதற்கு முன்னால் ஸ்பானிஷில் மன்னிப்புகூடக் கேட்கிறேன். ஆனால் டிசம்பரில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கோலத்தை மிதித்துவிட்டு நான் சைக்கிளில் டியூஷன் போனதை நினைத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பழகுவது இல்லைதான்.

போன வாரம் அம்மாவிடம் இதெல்லாம் சொன்னேன். பியானோ, ஜெயில், சிவப்புப் பூ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், தெரிந்தவர் பையன் ஒருவன் இங்கே வருகிறானாம், அவனிடம் மறுபடி புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். இந்தத் தடவை பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள் என்றேன்.

“டப்பால போட்டா புளிப்புக்கு ஆகாதுடி. பாட்டில்லதான் வரும். அந்தக் கண்ணாடி போட்டவர் பேர் என்ன சொன்ன, சொல்லு, சுத்தும்போது சொல்லிக்கிட்டே சுத்துறேன்.”