இயந்திரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதும் குழுவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு டயாலிசிஸ் பிரிவுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. இன்றும் அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. நோயாளியின் உடலிலிருந்து 2700 மில்லி நீரை எடுக்க வேண்டிய இடத்தில் 3700 என்று பதிவாகிவிட்டது. மூன்றாவது மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அவர் துடித்துப்போனார். நல்லவேளையாகத் தேறிவிட்டார். 'சரிதானா?' என்று கேட்கும் பெட்டி ஒன்றைத் திரையில் சேர்த்தோம். பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தோம்.

நேரில் போய்ப் பார்த்தேன். சிஸ்டரின் விரல் அந்தப் பெட்டியைப் படிக்காமலே தட்டிவிட்டு நகர்ந்தது. அவர் மேல் தவறில்லை. ஒரே நேரத்தில் நான்கு நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒவ்வொரு இயந்திரமும் பத்துக் கேள்வி கேட்டால் அவர் என்ன செய்வார்? 1986இல் அமெரிக்காவின் டைலர் நகரில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் காட்டிவிட்டு நின்றது. அடிக்கடி அப்படி நின்று நின்று பழக்கிவைத்திருந்த இயந்திரம் அது. இயக்கியவர் 'பி' விசையை அழுத்தித் தொடர, அளவுக்கு மீறிய கதிர்வீச்சு நோயாளியின் மேல் இரண்டாம் முறையும் பாய்ந்தது. கல்லூரியிலேயே இதைப் படித்தவன் நான். படித்தும் அதே பழக்கத்துக்குத்தான் வழி செய்திருந்தேன்.

அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கவாட்டிலும் வெள்ளைப் பிளாஸ்திரி. அதில் பேனாவால் '58.4 – 56' என்பது போன்ற எண்கள்.

"இது என்ன சிஸ்டர்?"

"வரும்போது இருந்த எடை, இருக்க வேண்டிய எடை, சார். கழித்தால் 2.4 கிலோ, அதுதான் எடுக்க வேண்டிய நீர். முடிவில் ரத்தத்தைத் திருப்பி ஏற்றும்போது சலைன் உள்ளே போகும், நடுவில் டீ குடிப்பார். அதற்கு 0.3 சேர்ப்போம். மெஷின் மில்லியில் கேட்பதால் ஆயிரத்தால் பெருக்கிப் போடுகிறோம்."

அவர்கள் கணக்கு கிலோவில் இருந்தது. நாங்கள் மில்லியில் கேட்டோம். எடையே தெரியாத இயந்திரம் எதை வைத்துச் சரிபார்க்கும்? 56 கிலோ உடலிலிருந்து 4 மணி நேரத்தில் 2700 மில்லி எடுத்தால், கிலோவுக்கு மணிக்கு 12 மில்லி. 3700 என்றால் 16.5. அது 13ஐத் தாண்டினால் ஆபத்து கூடும் என்பது சிறுநீரக மருத்துவர்கள் அறிந்த கணக்கு. அந்தத் தவறைப் பிடிக்கத் தேவையான எண் பிளாஸ்திரியில் இருந்தது, இயந்திரத்துக்குள் இல்லை.

அடுத்த பதிப்பில் இரண்டு எடைகளையும் கேட்டோம். கழித்தலும் பெருக்கலும் இயந்திரத்தின் வேலையாயிற்று. 13ஐத் தாண்டினால் மட்டும் காரணத்தைச் சொல்லி நிறுத்தியது. 'சரிதானா?' பெட்டியை எடுத்துவிட்டோம்.

எட்டு மாதம் கழித்து மறுபடி போனேன். எடை எழுதிய பிளாஸ்திரிகளைக் காணவில்லை. ஓர் இயந்திரத்தில் மட்டும் புதிதாக ஒரு துண்டு இருந்தது: 'இடது கையில் ஃபிஸ்டுலா. பி.பி. வலது கையில் மட்டும்.' டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம்தான் ஃபிஸ்டுலா; அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. குறிப்பேட்டைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.