ஒண்ணுதான்க்கா

"தம்பி, உங்க ரூம்ல காட்டுற கரண்ட்டும் என் கடைக்கு வர்ற கரண்ட்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்க்கா."

மூன்று ஆடி போய்விட்டது. அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

அந்த ஊருக்குக் கரண்ட் போனது நான் பார்த்துக்கொண்ட பேட்டரி ரூமிலிருந்து. அங்கே மீட்டர் 240 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது. அதை 240-க்கு ஏற்றியவன் நான்தான். மாலையில் எல்லா வீட்டிலும் டிவி, மிக்ஸி ஓடும்போது லைன் கடைசியில் 208 வரை இறங்கியது. கிளம்பும் இடத்திலேயே கொஞ்சம் தூக்கி அனுப்பினால் கடைசி வீட்டுக்கும் போய்ச் சேரும் என்று நினைத்தேன். சேர்ந்தது. அது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பகலைத்தான் யோசிக்கவில்லை. அக்கா கடைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கூரையில் 3 கிலோவாட் சோலார், பின்னால் மேட்டில் சின்னக் காற்றாடி. மத்தியானம் ஊரே காட்டு வேலைக்குப் போயிருக்கும். ஆடிக் காற்று வேறு. இரண்டும் சேர்ந்து 12 ஆம்பியரை எங்கள் பக்கம் திருப்பித் தள்ளும். அந்த மெல்லிய அலுமினியக் கம்பி போக வர 1200 மீட்டர், தடை சுமார் 1.5 ஓம். பெருக்கினால் 18 வோல்ட். இங்கே 240 என்றால் அங்கே 258. துண்டுத்தாளில் போட ஒரு நிமிடம் ஆகாது. நான் போடவில்லை.

சோலார் கரண்ட்டை மாற்றி லைனுக்கு அனுப்பும் பள்ளிக்கூட இன்வெர்ட்டர் அந்தக் கணக்கைப் போட்டது. 230-க்குப் பத்து சதவீதம் மேலே, அதாவது 253-ஐத் தாண்டினால், அது தானாக நின்றுவிடும். நின்றதும் வோல்டேஜ் இறங்கும். மறுபடி இணையும், ஏறும், நிற்கும். பகல் முழுக்க இதே கதை. பேட்டரி நிறையாமல் இரவு எட்டரைக்கே ஊர் இருண்டது. மேலதிகாரி போனில், "லிமிட்டை 265 ஆக்கிவிடுங்க" என்றார். ஆக்கினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்க அன்று பத்தரை வரை விளக்கு எரிந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் நான் செய்ததைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்த ஊரில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே கருவியை நான் பேசவிடாமல் செய்திருந்தேன்.

அடுத்த வாரம்தான் அக்கா கேட்டார். பதினொரு மணியானால் ஸ்டெபிலைசரில் 'டிக்'கென்று சத்தம், சிவப்பு விளக்கு, ஃப்ரிட்ஜ் ஆஃப். மூன்று மணிக்குத்தான் உயிர் வருமாம். பால் கெட்டுப்போகிறது, இரண்டு பல்பும் போய்விட்டது என்றார். ஸ்டெபிலைசர் பழசு, மாற்றிவிடுங்கள் என்றேன். தோள் பையில் மல்டிமீட்டர் இருந்தது. எடுக்கவில்லை.

ஒரு சமாதானம் உண்டு. ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்பது, ஊர் முழுக்க ஒன்றுதான். பேட்டரி இன்வெர்ட்டர் 50 என்று பிடித்தால் கடைசிக் கம்பத்திலும் 50. திரையில் நாளெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த வகையில் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அக்கா கேட்டது ஹெர்ட்ஸை இல்லையே! வோல்டேஜ் அந்தந்த வாசலுக்குத் தனி. இது எனக்குப் புதுச் செய்தியும் இல்லை. தெரிந்துகொண்டே சொன்னேனா, அந்த நேரத்துக்கு மறந்துபோனேனா என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அக்கா கடை பிளக்கில் மீட்டரை வைத்தேன். 259. முதலில் பள்ளிக்கூட இன்வெர்ட்டரின் பவர் ஃபேக்டரை, அதாவது வோல்டேஜ் அலைக்குக் கரண்ட் அலை எவ்வளவு முன்பின்னாகப் போகிறது என்பதை, மாற்றிப் பார்த்தேன். பெரிய லைனில் கைகொடுக்கும் அந்த வழி, தடையே மிகுந்த இந்தக் கம்பியில் பெரிதாக எடுபடவில்லை. அப்புறம் பகலுக்கு 228, மாலைக்கு 240 என்று நேரம் பிரித்துவைத்தேன். லிமிட்டை 253-க்கே இறக்கினேன். காற்று ஓங்கும் நாளில் 248-ஐத் தொட்டால் இன்வெர்ட்டர் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்படியும் செய்தேன். வெயிலை வீணடிக்கிறோம் என்று மேலே வருத்தப்பட்டார்கள். எனக்கும் வருத்தம்தான்.

பல்பு என்னால்தான் போனதா? அந்த விலைக்குக் கிடைக்கும் எல்இடி பல்பு 230-லும் போகும். பால் என்னால்தான் கெட்டது.

போன மாதம் போயிருந்தேன். மணி பன்னிரண்டு. ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார். "இப்ப சரியாயிடுச்சுக்கா, பகல்லயும் போடலாம்" என்று மீட்டரை வைத்துக் காட்டினேன். 243. எண்ணைப் பார்த்தார். பிறகு ஸ்டெபிலைசரைப் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி, மூணு மணிக்கே போட்டுக்கிறேன்."