விரிகிற கை

ஆபரேஷன் தியேட்டரில் கருவிகள் எடுத்துக் கொடுக்கும் நர்ஸாகப் பல வருடம் நின்றிருக்கிறேன். நின்றிருக்கிறேன் என்பதுதான் சரியான சொல். ஆறு மணி நேர அறுவை சிகிச்சையில் கைக்கு வேலை கொஞ்சம்தான், கண்ணுக்குத்தான் ஓய்வே கிடையாது. டாக்டர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். உள்ளங்கையை விரிப்பார், அவ்வளவுதான். என்ன வேண்டும் என்பதைக் கை விரிகிற விதத்திலிருந்தும், காயத்தில் அப்போது நடப்பதிலிருந்தும் நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் நான் கொஞ்சம் அதிகக் கெட்டிக்காரி. அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாம் மனப்பாடம். ஒருநாள், இனி தையல்தான் என்று முடிவுகட்டி, ஊசியும் நூலுமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன ரத்தக்குழாய் கசிந்தது. அவருக்கு வேண்டியது ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். விரித்த கை இரண்டு வினாடி வெறுமனே இருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. "புத்தகத்துல படிச்சதை விடுங்க சிஸ்டர், என் கையைப் பாருங்க" என்றார்.

பைபிளின் 123ஆம் திருப்பாடலும் கையைத்தான் சொல்கிறது. பணியாளரின் கண்கள் தலைவரின் கையை நோக்கியிருப்பதுபோல எங்கள் கண்கள் ஆண்டவரை நோக்கியிருக்கின்றன என்று. முகத்தை அல்ல, கையை! அதற்கு முன் எத்தனை தடவை கேட்டிருப்பேன், காதில் விழுந்ததே இல்லை.

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எந்த ஆண்டு வாசகத்திலும் விழித்திருக்கத்தான் சொல்லும். மாற்கு 13இல் வீட்டுத் தலைவர் பயணம் போகுமுன் ஊழியர் ஒவ்வொருவருக்கும் வேலை கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்கோ டிசம்பர் என்றால் ட்யூட்டி மாற்றுவது, பலகாரம், அப்புறம் கடவுளிடம் நீட்ட ஒரு பட்டியல். ஊசியும் நூலும் நீட்டிய அதே கதைதான். அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நானே முடிவுசெய்து வைத்திருப்பேன்.

இந்த வருடம் மனம் லூக்கா நற்செய்தியில் வரும் சிமியோனிடமே போகிறது. இஸ்ரயேலுக்கு ஆறுதல் வரும் என்று காத்திருந்தவர். வந்ததோ நாற்பது நாள் குழந்தையாக இயேசு. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாமல் இரண்டு பறவைகளைக் காணிக்கையாக்கும் பெற்றோரின் கையில். மெசியா, அதாவது வாக்களிக்கப்பட்ட மீட்பர், இப்படித்தான் வருவார் என்று மனதில் வரைந்து வைத்திருந்தால் தாண்டிப் போயிருப்பார். எண்பத்து நான்கு வயது அன்னாவும் அப்படித்தான், கோவிலை விட்டு நீங்காமல் இருந்தவர். அந்தக் காலத்துக்கும் அது சின்ன வயதில்லை, கால் வலித்திருக்கும்!

விழித்திருக்கும் பணியாளர்களைத் தலைவரே பந்தியில் அமர வைத்துப் பரிமாறுவார் என்று லூக்கா 12இல் வருகிறது. தலைகீழான வீடு. போன வாரம் நீண்ட அறுவை சிகிச்சை ஒன்று முடிந்ததும், டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "உட்காருங்க சிஸ்டர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருங்க டாக்டர், ரத்தம் ஒற்றிய காஸ் துணிகளை இன்னொரு தடவை எண்ணிவிடுகிறேன் என்றேன்.