இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் ஒரு தடுப்பூசி: எச்.ஐ.வி.யுடன் வாழும் பதின்வயதுப் பிள்ளைக்கு நியூமோகாக்கஸ் ஊசி வாங்கிய அனுபவம்

எச்.ஐ.வி.யுடன் வாழும் குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்வரை தடுப்பூசிப் பிரிவு அதைத் தன் பொறுப்பாகக் கருதுகிறது. பதினெட்டு வயதைக் கடந்தபின் பெரியவர்களுக்கான பிரிவு பொறுப்பேற்கிறது. இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு, நிமோனியா போன்ற தீவிரத் தொற்றுகளை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி கேட்டுப் போகிறவர் எங்கெங்கே அலைய வேண்டியிருக்கும் என்பதை, என் தங்கையின் மகளை வளர்த்துவரும் நான் கடந்த சில மாதங்களில் அறிந்துகொண்டேன். எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆகவே இதில் கொஞ்சம் காரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வயது பதின்மூன்று. பிறப்பிலேயே வந்த தொற்று. ஆனால் கண்டறிந்ததும், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கியதும் நான்கு வயதுக்குப் பிறகுதான். அதன்பின் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத நிலையிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறாள். அதனால் திடீரென்று கடும் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தபோது முதலில் பார்த்த மருத்துவர் வேறு திசையில் யோசித்தார். வயிற்றின் வலப்பக்கம் வலிக்கிறது என்று அவள் சொன்னதை வைத்துக் குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தால் பிள்ளைகளுக்கு வலி வயிற்றில் தெரிவதுண்டு என்பதை அங்கிருந்த ஒரு பயிற்சி மருத்துவர்தான் நினைவுபடுத்தி, மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது.

கோப்பில் எச்.ஐ.வி. என்று பார்த்ததும் பேச்சு முழுவதும் காசநோய்ப் பக்கம் திரும்பிவிட்டது. சளிப் பரிசோதனை முடிவு வரும்வரை மற்ற மருந்துகளை நிறுத்தி வைக்கலாமா என்றுகூட ஆலோசித்தார்கள். காசநோயைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இத்தகைய பிள்ளைகளுக்கு இரண்டும் ஒருசேர இருக்கக்கூடும். ஆனால் வாரக்கணக்கில் மெல்ல முற்றும் இருமலும் எடைக்குறைவும் வேறு. ஒரே இரவில் ஏறிய காய்ச்சலும், மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்துகிற வலியும் வேறு. நோய் எப்போது, எப்படித் தொடங்கியது என்பதை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவாயிற்று. மருந்து ஏற்றுவதற்கு முன்பே, எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு இரத்தம் எடுத்துவிட்டார்கள். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு செயல்தான். அதன் பிறகு ஆக்சிஜன், ஊசி மருந்து, தேறுதல் எல்லாம் குறையில்லாமல் நடந்தன.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அறிக்கையில் 'நிமோனியா, குணமடைந்தார்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. கல்ச்சர் வளர்ந்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரிய நாட்கள் ஆகும். அதற்குள் எழுதப்பட்ட அறிக்கை அது. முடிவு வந்துவிட்டதா என்று ஆய்வகத்தில் கேட்டால், வார்டுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். வார்டில் கேட்டால், நோயாளி போய்விட்டதால் ஆவணப் பிரிவுக்குத் திருப்பிவிட்டோம் என்றார்கள். ஆவணப் பிரிவிலோ வார்டு மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் எதையும் தர முடியாது என்றார்கள். ஆய்வகத்தில் ஒரு பெண் மட்டும் இரக்கப்பட்டு, மாதிரியின் பதிவு எண் தெரியுமா என்று கேட்டார். சேர்த்த அன்று குழாயில் ஒட்டிய எண்ணை நான் குறித்து வைத்திருந்தேன். அதைக் கொண்டு சில நிமிடங்களில் தேடி எடுத்துவிட்டார். உங்கள் பிள்ளைக்கு இரத்தம் எடுக்கும்போது அந்த எண்ணைக் கட்டாயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, அதாவது நியூமோகாக்கஸ், வளர்ந்திருந்தது. பெனிசிலினுக்குக் கட்டுப்படும், கோட்ரிமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாது என்று அடியில் எழுதியிருந்தது. தினமும் கோட்ரிமாக்சசோல் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு எப்படி வந்தது என்று என்னைப் பலர் கேட்டார்கள். விடை அந்த வரியிலேயே இருக்கிறது. அந்த மாத்திரையை முதன்மையாக வேறொரு நிமோனியாவைத் தடுக்கத்தான் கொடுக்கிறார்கள். மற்ற பாக்டீரியாத் தொற்றுகளையும் அது ஓரளவு குறைக்கும், ஆனால் அதை எதிர்த்து நிற்கும் நியூமோகாக்கஸ் பரவலாக உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நியூமோகாக்கஸ் நிமோனியா வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளராது. எனவே ஒன்றும் வளரவில்லை என்ற அறிக்கையை வைத்து இந்தக் கிருமி இல்லை என்று யாரும் உங்களிடம் சாதிக்க விடாதீர்கள்.

இந்தத் தாளோடு எச்.ஐ.வி. பிரிவுக்குப் போனேன். அங்கே மாத்திரை எண்ணிக்கை, வைரஸ் அளவு, சிடி4 என்ற எதிர்ப்பாற்றல் அணுக்களின் எண்ணிக்கை, எடை, உயரம் எல்லாவற்றுக்கும் கோப்பில் இடம் இருக்கிறது, தடுப்பூசிக்கு இல்லை. 'அது குழந்தைகள் தடுப்பூசிப் பிரிவின் வேலை' என்றார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிகளின் அட்டையோ என் தங்கையோடு போயிற்று. எழுத்தில் சான்று இல்லாவிட்டால் ஊசி போடவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு தவணை கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை என்று அங்கிருந்த மூத்த மருத்துவர் சொன்னார். அட்டையை மீட்க நான் தொடங்கவிருந்த அலைச்சல் அந்த ஒரு வாக்கியத்தால் மிச்சமாயிற்று.

வைரஸ் கட்டுக்குள் இருக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு என்று அவரிடமே கேட்டேன். ஏ.ஆர்.டி. மருந்து இந்த நோயின் வாய்ப்பைப் பெருமளவு குறைத்திருந்தாலும், எச்.ஐ.வி. இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு அதைக் கொண்டுவரவில்லை என்றார். சிகிச்சை தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு சிடி4 எண்ணிக்கை மீண்டும் ஏறினாலும், எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி நினைவில் வைத்திருக்கும் பி அணுக்கள் முழுமையாக மீள்வதில்லையாம். சர்க்கரை உறைக்குள் ஒளிந்திருக்கும் நியூமோகாக்கஸை எதிர்க்க அந்த அணுக்கள்தான் தேவை. மேலும் தென்னாப்பிரிக்காவில் நடந்து 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வை அவர் குறிப்பிட்டார். நியூமோகாக்கஸின் ஒன்பது வகைகளுக்கு எதிரான தடுப்பூசி, அந்த வகைகளால் வரும் தீவிரத் தொற்றை எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளிடம் 83 விழுக்காடும், எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடம் 65 விழுக்காடும் குறைத்ததாம். ஏ.ஆர்.டி. பரவலாகக் கிடைக்காத காலத்துக் கணக்கு அது. குறைவாகப் பலன் தருகிறது என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. அந்த நிலையிலும் பாதிக்கு மேல் தடுத்திருக்கிறதே என்றுதான் எனக்குப் பட்டது.

தடுப்பூசிப் பிரிவில்தான் உண்மையான கூத்து. வரிசையில் எங்கள் முறை வந்ததும் எழுத்தர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, 'இவ்வளவு பெரிய பிள்ளைக்கு எதற்கு இந்த ஊசி? ஓ, எச்.ஐ.வி.யா?' என்று பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, 'பெரியம்மா, வாங்க போயிடலாம்' என்றாள். தன் நிலை என்ன என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய பள்ளிக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அன்று திரும்பிவிட்டோம். ஊசியும் இல்லை, அவளை மறுபடி அங்கே வரச் சம்மதிக்க வைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த தடவை அவளை வீட்டில் விட்டுவிட்டு, எழுத்தரைத் தாண்டி மேற்பார்வைச் செவிலியரை நேரில் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் வரிசையாக மறுப்புகள் வைத்திருந்தார். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்குத் தடுப்பூசி ஆபத்து என்றார், பி.சி.ஜி. போன்ற உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளுக்கான எச்சரிக்கையை இதன்மேல் ஏற்றிவிட்டார். நியூமோகாக்கஸ் தடுப்பூசியில் உயிருள்ள கிருமியே கிடையாது. ஏற்கெனவே நோய் வந்துவிட்டது, இனி எதற்கு என்றார். இந்தக் கிருமியில் 100க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், ஒரு வகை வந்து போனது மற்றவற்றிலிருந்து காக்காது. புதிய சிடி4 அறிக்கை வேண்டும் என்றார். வைரஸ் கட்டுக்குள் இருக்கும்போது ஊசிக்கு நல்ல பலன் கிடைக்கும் என்பது மெய்தான், அதற்காக ஓர் அறிக்கைக்குக் காத்து ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நான் வாயால் சொன்ன எதையும் அவர் ஏற்கவில்லை. எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்.

ஆகவே முக்கியமானது கடிதம். எச்.ஐ.வி. பிரிவு மருத்துவரிடம் கேட்டு நான் வாங்கிய கடிதத்தில் பிள்ளையின் வயது, 'நோய் எதிர்ப்பாற்றல் குறைபாடு' என்ற காரணம், அண்மையில் வந்த தீவிர நியூமோகாக்கஸ் தொற்று, எந்தத் தடுப்பூசி முதலில், எவ்வளவு இடைவெளியில் எது அடுத்து, இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை என்பவை இருந்தன. எச்.ஐ.வி. என்ற சொல் எங்கும் இல்லை. கவுன்ட்டரில் அதைப் படிக்கிற எவருக்கும் அது தேவைப்படவும் இல்லை. ஊசி போடுகிறவர் அதை அறிய வேண்டியிருந்தால் தனி அறையில் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தாளைப் பார்த்ததும் அதே எழுத்தர் மறுபேச்சின்றி முத்திரை குத்தியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சற்று அற்பமானதுதான். இருந்தாலும் அதை நான் நன்றாகவே அனுபவித்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊசி போடும் அறையில் ஒரு தடை வந்தது. செவிலியர் எடுத்து வைத்திருந்த குப்பி பிபிஎஸ்வி 23 என்ற நியூமோகாக்கஸ் ஊசி; பெயரில் உள்ள எண் அது எதிர்க்கும் வகைகளின் எண்ணிக்கை. பெயரில் எண் பெரிதாக இருப்பதால் இதுதான் நல்லது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இந்த ஊசியில் இருப்பது கிருமியின் சர்க்கரை உறை மட்டுமே. அதை மட்டும் பார்த்து உடல் பெறும் நினைவு வலுவாக அமைவதில்லை, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் அது சரியாக வேலை செய்வதுமில்லை. பிசிவி என்று தொடங்கும் ஊசிகளில் அதே சர்க்கரை ஒரு புரதத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால் டி அணுக்கள் என்ற வேறு எதிர்ப்பாற்றல் அணுக்களும் துணைக்கு வந்து நினைவு நிலைக்கிறது. ஆகவே முதலில் பிசிவி, குறைந்தது எட்டு வாரம் கழித்து பிபிஎஸ்வி 23 என்பதே முறை. கடிதத்தில் அந்த வரியைக் காட்டினேன். பிசிவி 13 இருப்பு இல்லை, வேறு நாள் வாருங்கள் என்றார்கள். இருக்கிற ஊசியைப் போட்டுவிட்டுப் போகலாமே என்றும் ஒருவர் சொன்னார். மாற்றிப் போட்டுவிட்டால் பிசிவிக்கு மேலும் எட்டு வாரமாவது காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் மறுத்துவிட்டு வந்தேன். பிசிவி 20 கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைப் போட்டால் 23 தேவைப்படாது. கிளம்பும் முன்பே தொலைபேசியில், பிள்ளையின் வயதைச் சொல்லி, எந்தப் பெயருள்ள குப்பி இருப்பில் உள்ளது என்று கேட்டுவிடுங்கள். 'நியூமோகாக்கஸ் ஊசி இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும்.

பிறகு ஒரு நாள் பிசிவி போட்டாயிற்று; மறுநாள் கை வலியும் லேசான காய்ச்சலும் இருந்தன, அவ்வளவுதான். அன்றே மறு கையில் இன்ஃபுளுயன்சா ஊசியையும் போட்டுக்கொண்டோம். ஃப்ளூ காய்ச்சலைத் தொடர்ந்து நியூமோகாக்கஸ் நுழைவது வழக்கம் என்பதால் இதுவும் வேண்டும். எட்டு வாரங்களுக்குப் பிறகு 23ஐயும் போட்டார்கள். இரண்டாவது தடவை அவளே கடிதத்தை நீட்டினாள்.

ஊசி போட்டாயிற்று என்று அசட்டையாக இருந்துவிட முடியாது, ஏனெனில் தடுப்பூசியில் அடங்காத வகைகள் இன்னும் பல உண்டு. காய்ச்சலும் வேகமான மூச்சும் சேர்ந்து வந்தால் இரவென்றும் பாராமல் கிளம்பிவிடுங்கள். சிறு குழந்தை வைத்திருப்பவர்கள், அது அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 என்ற அளவைத் தொட்டாலே அது வேகமான மூச்சு. நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், எச்.ஐ.வி. உள்ள குழந்தையை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். அதைச் சொல்லியே கேளுங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து 23ஐ மறுபடி போட வேண்டும், அல்லது அதற்குள் பிசிவி 20 கிடைத்தால் 23 போட்டு எட்டு வாரம் கழிந்த எந்த நாளிலும் அதைப் போட்டு முடித்துவிடலாம். ஐந்து ஆண்டுகளில் அவள் பெரியவர்கள் பிரிவுக்கு மாறியிருப்பாள், கோப்பும் மாறியிருக்கும். அதனால் இரண்டு ஊசிகளின் பெயர், தேதி, குப்பியின் தொகுதி எண் ஆகியவற்றை எச்.ஐ.வி. பிரிவுக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அச்சடித்த கட்டம் எதுவும் இல்லாததால் ஓரத்தில்தான் எழுதினார்கள். ஒரு நகல் என்னிடமும், ஒன்று அவளுடைய கைப்பேசியிலும் இருக்கிறது.