மாடுகள் மூழ்கிய ஆறு

போர் வரலாறு என்றாலே அம்புக்குறி போட்ட வரைபடங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சில நாட்களாக என் மனதை விட்டு அகலாதவை, பர்மாவின் சிந்த்வின் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட மாடுகள்.

1944 மார்ச், இரண்டாம் உலகப் போர்க் காலம். பர்மாவிலிருந்து இந்தியாவின் வடகிழக்கில் உள்ள இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி ஜப்பானியப் படை கிளம்பியது. தளபதி முதாகுச்சி வீரர்களிடம் கொடுத்தனுப்பியது ஏறத்தாழ மூன்று வாரச் சாப்பாடு. அதற்குள் பிரிட்டிஷ் கிடங்குகள் கைக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. மாடுகள் சுமையைச் சுமக்கும், பிறகு அவையே உணவாகும் என்றும் ஓர் ஏற்பாடு. ஆற்றிலும் மலைச்சரிவிலும் ஏராளமான மாடுகள் மடிந்தன.

கிடங்குகள் சிக்கவில்லை. முற்றுகைக்குள் இருந்த இம்பாலுக்கு விமானத்தில் அரிசியும் குண்டுகளும் இறங்கிக்கொண்டே இருந்தன. கோஹிமாவிலோ ஒரு டென்னிஸ் மைதானத்தின் இரு பக்கமும் பதுங்குகுழி வெட்டிச் சண்டையிட்டார்கள்.

மே மாதக் கடைசியில் கோஹிமாவில் போரிட்ட ஜப்பானிய 31ஆவது டிவிஷனின் தளபதி சாத்தோ, மேலிடத்து உத்தரவை மீறிப் படையைப் பின்வாங்கச் செய்தார். பட்டினி கிடப்பவர்களை இனியும் சாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தப் போர்முனையில் எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான முடிவு அதுதான்.

மழையில் திரும்பிய வழியெங்கும் பசியாலும் நோயாலும் விழுந்தவர்களே அதிகம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினரும் அதே பாதையில்தான் நடந்தார்கள்.

ராணுவ நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று சாத்தோ காத்திருந்தார். மனநிலை சரியில்லாதவர் என்று முத்திரை குத்தி, விசாரணையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.